லிட்டில் மோர்ட்டன் ஹால்: கறுப்புப் பூச்சைச் சுரண்டி எடுக்கலாமா?

செவ்வந்தி:
சென்ற வாரம் இங்கிலாந்தின் செஷயரில் லிட்டில் மோர்ட்டன் ஹாலைப் பார்த்தேன். அகழிப் பாலத்தைத் தாண்டினால் வீடு முழுக்கக் கறுப்பு மரம், வெள்ளைச் சுவர். 1500களின் தொடக்கத்தில் மோர்ட்டன் குடும்பத்தார் கட்டத் தொடங்கிய வீடு அது. ஆனால் அந்தக் கறுப்பு அவர்கள் பூசியதல்ல. 19ஆம் நூற்றாண்டின் மோகம். முதலில் ஓக் மரம் வெயிலிலும் மழையிலும் வெளுத்துச் சாம்பல் நிறமாகவும், சுவர் காவி மஞ்சளாகவும் இருந்திருக்கும் என்கிறார்கள். டிக்கெட் எடுத்து வருகிறவருக்கு உண்மையான நிறத்தைக் காட்ட வேண்டாமா? பூச்சை எடுத்துவிட வேண்டும்.

பழையசுவடி:
ஒப்புக்கொள்ள மாட்டேன். 1640களில் இங்கிலாந்து மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் நின்று நொடித்துப்போன குடும்பம், வீட்டைக் குத்தகைக்கு விட்டது. வழிபாட்டுக் கூடத்தில் நிலக்கரியைக் கொட்டி வைத்தார்கள். 1938இல் பழைய கட்டடங்களைக் காக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்டின் கைக்கு வரும்வரை அந்த வீடு பட்டதெல்லாம் வரலாறுதான். கறுப்பும் அதில் அடக்கம். சிறிய வரவேற்பறையில் 1976இல் விவிலியப் பெண் சூசன்னாவின் கதை சொல்லும் சுவரோவியம் கிடைத்ததே, எப்படி? பிற்காலத்தவர் அதன்மேல் பலகை அடித்து மூடியிருந்ததால்தான் பிழைத்தது.

செவ்வந்தி:
அந்தப் பலகைக்குப் பின்னால் பார்த்ததால்தானே சூசன்னாவைக் கண்டோம்? உங்கள் சான்று என் பக்கம்தான் பேசுகிறது, ஐயா.

தச்சன்மகன்:
இருவரும் மரத்தை மறந்துவிட்டீர்கள். முற்றத்துச் சன்னல்களுக்கு மேலே, தச்சன் ரிச்சர்ட் டேல் கடவுள் அருளால் இவற்றைச் செய்தான் என்று எழுத்து வெட்டியிருக்கிறது. ஆண்டு 1559. செய்வித்த வில்லியம் மோர்ட்டனின் பெயரும் அங்கே உண்டு. ஆனாலும் ஒரு தச்சனின் பெயர் இத்தனை காலம் நிற்பது எனக்குப் பெரிது. என் அப்பா ஒரு பழைய கதவில் சாயத்தைச் சுரண்டியபோது அருகில் இருந்தேன். எவ்வளவோ பக்குவமாகத்தான் செய்தார். ஆனாலும் செதுக்கிய தாமரையின் இதழ் முனைகள் மழுங்கிப்போயின. போனது போனதுதான். 21 மீட்டர் நீள மாடிக்கூடத்தையும் கற்பலகைக் கூரையையும் சுமந்து வளைந்து நிற்கும் வீடு அது. அந்த மரத்தில் உளியோ மணல்வீச்சோ படவே கூடாது.

செவ்வந்தி:
அந்த எழுத்து மழுங்கினால் என்னாலும் தாங்க முடியாது. மரத்தை விட்டுவிடுவோம். சுவர் அப்படியல்லவே, சுண்ணாம்பை எப்படியும் அவ்வப்போது புதிதாக அடித்தாக வேண்டும். அடுத்த முறை மஞ்சளாக அடிக்கட்டும்.

பழையசுவடி:
கறுப்பு மரத்துக்கு நடுவே மஞ்சள் சுவரா? அப்படியொரு வீடு அங்கே எந்தக் காலத்தில் இருந்தது? மோர்ட்டன்களும் கண்டதில்லை, 19ஆம் நூற்றாண்டுக்காரரும் கண்டதில்லை. அதுதான் நாம் புதிதாகச் சொல்லும் பொய்.

செவ்வந்தி:
சரி, இனி மரத்துக்குப் புதுக் கறுப்பு பூச வேண்டாம் என்றாவது சொல்வீர்களா? மழையும் வெயிலும் மெல்ல மெல்ல வெளுக்கட்டும்.

பழையசுவடி:
அதற்கு இப்போதே கையெழுத்துப் போடுகிறேன். மரம் வெளுத்து முடியும்வரை சுவர் வெள்ளையாகவே இருக்கட்டும்.