காபி அரைக்கும் இயந்திரத்தில் திடீர்க் கீச்சொலி: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். எங்கள் வீட்டில் காபிக் கொட்டை அரைக்கும் மின் இயந்திரம் நான்கு ஆண்டுகளாக ஓடுகிறது. பிளேடு வகை அல்ல. இரண்டு எஃகுச் சக்கரங்களுக்கு நடுவே கொட்டை நொறுங்கும் வகை. பீபெரி, பிளான்டேஷன் என்ற இரண்டு வகைக் கொட்டைகளும் சரிபாதி, ஃபில்டருக்கு ஏற்ற பதம். சிக்கரியை உள்ளே போடுவதில்லை, அரைத்த பிறகுதான் கலப்போம்.

சென்ற வெள்ளிக்கிழமை அரைத்துக்கொண்டிருக்கும்போதே ‘டக்’கென்று ஒரு சத்தம். அன்றிலிருந்து வழக்கமான கரகரப்போடு, கத்தியைச் சாணை பிடிப்பதுபோல் ஒரு கீச்சொலியும் சேர்ந்துவிட்டது. கொட்டையில் கல் கிடந்திருக்கும் என்று நினைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேல் சக்கரத்தைக் கழற்றினேன். கல் இல்லை. அடியில் பழைய தூள் எண்ணெய்ப் பிசுக்கோடு அடைபோல் இறுகிக் கிடந்தது. பழைய பல் பிரஷ்ஷால் சுரண்டி எடுத்தேன். சக்கரத்தின் ஒரு பல்லின் ஓரத்தில் மட்டும் எள்ளளவு சில்லு பெயர்ந்திருக்கிறது.

திரும்பப் பூட்டிய பிறகு, நைஸ் பதத்தில் காலியாக ஓட்டினாலே கீச்சிடுகிறது. இரண்டு எண் தள்ளிக் கொரகொரப்பாக வைத்தால் நின்றுவிடுகிறது. அப்படியானால் கோளாறு மோட்டாரிலோ பேரிங்கிலோ இல்லை, சக்கரங்கள்தாம் ஒன்றையொன்று உரசுகின்றன என்பது என் கணக்கு. சரியா? மேல் சக்கரம் சாய்ந்து உட்கார்ந்திருக்குமா, அல்லது சில்லு போனதால் இரண்டையும் ஜோடியாக மாற்றத்தான் வேண்டுமா? பழுதுபார்க்கும் கடையில் சத்தத்தைக் கேட்காமலேயே ‘புதிது வாங்கிவிடுங்கள்’ என்றார்கள்.

அதுவரை கடைத் தூள்தான். அப்பா டம்ளரை முகர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்க்கிறார்.