ஆனைமலைக் கூப்பில் மரம் அறுத்த காலம்

கூப்பில், அதாவது காட்டில் மரம் வெட்டும் இடத்தில், வேலை பார்த்தவன் என்று சொன்னால், யானை துரத்தியதா, புலியைப் பார்த்தீர்களா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பார்த்திருக்கிறேன், துரத்தியும் இருக்கிறது. ஆனால் எங்கள் கூட்டத்தில் கை கால் ஒடிந்தவர்கள் எல்லோரும் மரத்தால் ஒடிந்தவர்கள்.

எழுபதுகளின் கடைசி. வெள்ளைக்காரர் காலத்தில் தேக்குத் தடிகளைச் சரிவில் கீழே தள்ளிவிட்டதால்தான் டாப்ஸ்லிப்புக்கு அந்தப் பெயர். எங்கள் நாளில் லாரி வந்துவிட்டது. அறுப்பதற்கு மட்டும் இரண்டு பேர் இழுக்கும் ரம்பம், கோடாரி, ஆப்பு, அவ்வளவுதான்.

வெள்ளைக்கார வன அதிகாரி வுட் துரை நட்டு வளர்த்த தேக்கெல்லாம் வரிசையாக நிற்கும், அறுப்பது சுலபம். தானாக வளர்ந்த பழங்காட்டில் அப்படியில்லை. தொடை பருமனுக்குக் கொடி ஏறி நாலைந்து மரங்களை உச்சியில் ஒன்றாகக் கட்டிவைத்திருக்கும். ஒன்றைச் சாய்த்தால் பக்கத்து மரத்தின் பட்டுப்போன கிளை அறுத்தவன் தலைமேல் வரும். எங்கள் மேஸ்திரி எனக்குப் பெரியப்பா முறை. வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடியே நிற்பார். "கொடியை வெட்டாம ரம்பத்த வெக்காதே கண்ணு" என்பார். ஒருநாள் அவர் வராதபோது, அவசரப்பட்ட ஒரு ஜோடி கொடியோடு ஒரு வேங்கை மரத்தை அறுத்தது. மரம் நினைத்த பக்கம்தான் விழுந்தது. அது இழுத்துவிட்ட கிளை பின்னால் ஓடியவனின் தோள்பட்டையை உடைத்தது. அந்த ஆள் மறுபடி ரம்பம் பிடிக்கவே இல்லை.

சாய்ந்து நிற்கிற மரம் இன்னும் மோசம். சாய்ந்த பக்கம் முதலில் ஆப்பு வடிவில் ஒரு வெட்டு, நாங்கள் வாய் என்போம், அதைச் சரியாகப் போடாமல் பின்னாலிருந்தே அறுத்தால், பாதியிலேயே அடிமரம் நெட்டுக்குப் பிளந்து பின்பாதி எகிறும். நெஞ்சில் பட்டால் முடிந்தது. அதனால் அறுப்பதற்கு முன்பே, மரம் விழும் திசைக்குப் பின்புறம் சற்றுச் சாய்வாக ஓடுவதற்கு ஒரு வழியைச் செத்தி வைத்துவிடுவோம். நேர் பின்னால் ஓடக்கூடாது, சில சமயம் அடிமரம் கட்டையிலிருந்து நழுவிப் பின்னுக்கே வரும்.

அப்புறம் தடியை இழுக்க யானை வரும். அந்த மலையின் மலசர் பழங்குடிப் பாகன்கள் சங்கிலிக்குப் பக்கத்தில் யாரையும் விடமாட்டார்கள். சரிவில் தடிக்குக் கீழ்ப்பக்கம் நின்றால் அவர்களிடம் கிடைக்கும் வசவே தனி. மழைக்காலத்து அட்டை, பட்டால் கொப்புளம் போடும் சேரு மரத்துப் பால் எல்லாம் உண்டு. அதையெல்லாம் நாங்கள் கணக்கிலேயே எடுத்ததில்லை.

1980-இல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் எங்கள் பக்கம் இந்த வேலை குறைந்துகொண்டே போனது. அதில் எனக்கு வருத்தமில்லை, அந்த மாதிரி மரத்தை மறுபடி யார் வளர்ப்பது?

இப்போது எஸ்டேட்டில் சில்வர் ஓக் அறுக்கும் பையன்களிடம் மெஷின் ரம்பம் இருக்கிறது. வேலை நிமிடத்தில் முடிகிறது. ஆனால் அந்த இரைச்சலில் மரம் முறியத் தொடங்கும் சத்தம் காதில் விழாது. நாங்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் ரம்பத்தைப் போட்டுவிட்டு ஓடினோம். ஒரு ஆளைத் தள்ளி நிறுத்தி மேலே பார்க்கச் சொல்லுங்கள் என்றால், அவனுக்கும் கூலி கொடுக்கணுமே என்கிறார்கள்.