ரோட்பிளாட் அணுகுண்டுத் திட்டத்தை விட்டது அந்த விருந்துப் பேச்சாலா?

கேள்வி (இயற்பியல் மாணவி):
போலந்தில் பிறந்த இயற்பியலாளர் ஜோசப் ரோட்பிளாட் பற்றி வகுப்பில் பேசப் போகிறேன். பிரிட்டிஷ் இயற்பியலாளர் சாட்விக் வீட்டு விருந்தில், அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தின் ராணுவத் தலைவர் ஜெனரல் குரோவ்ஸ் பேசியதைக் கேட்டு வெறுத்துப்போய், அந்தக் குண்டு உருவான லாஸ் அலமோஸ் ஆய்வகத்தை விட்டு வெளியேறினார் என்கிறார்கள். உடனே கிளம்பிவிட்டாரா? இயற்பியலையும் விட்டுவிட்டாரா?

பதில் (ஓய்வுபெற்ற மருத்துவ இயற்பியலாளர்):
உடனே இல்லை, அம்மா. இந்தக் குண்டு ரஷ்யாவை அடக்கத்தான் என்று குரோவ்ஸ் சொன்னதாக ரோட்பிளாட் பின்னாளில் எழுதியது 1944 மார்ச் மாதத்து விருந்தைப் பற்றி. அவர் வெளியேறியதோ அந்த ஆண்டின் கடைசியில். நடுவில் பல மாதங்கள் வேலை பார்த்தார். விருந்துக் கதையை மட்டும் சொல்பவர்கள் இதை விழுங்கிவிடுகிறார்கள். ஹிட்லர் முந்திக்கொள்வானோ என்ற பயம்தான் அவரை அங்கே இழுத்தது. ஜெர்மனி முயற்சியைக் கைவிட்டது தெரிந்ததும் விலகினார்.

அந்தப் பயம் வெறும் அரசியல் அல்ல. 1939 ஆகஸ்டில் மனைவி டோலாவை அழைத்துவர வார்சா போனார். குடல்வால் அறுவை சிகிச்சை ஆகியிருந்ததால் டோலாவால் பயணம் செய்ய முடியவில்லை. சில நாட்களில் வந்துவிடுவார் என்று நம்பி இவர் தான் வேலை பார்த்த இங்கிலாந்தின் லிவர்பூலுக்குத் தனியே திரும்பினார். செப்டம்பர் 1, போர். யூதரான டோலா நாஜிகளின் படுகொலைக்குப் பலியானார். இவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

இயற்பியலை விடவில்லை, எங்கள் பக்கம் வந்தார்: லண்டன் பார்த்தலோமியு மருத்துவமனையில் பேராசிரியர். 1954இல் பசிபிக்கின் பிகினி தீவில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் கொட்டியது. அதன் கதிரியக்க அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டு, ஹைட்ரஜன் குண்டைச் சுற்றியிருந்த யுரேனியமும் பிளந்திருக்கிறது, கதிரியக்க அழுக்கு அங்கிருந்துதான் என்று கண்டுபிடித்தார். மேடைப் பேச்சுகளைவிட அந்தக் கணக்குதான் எனக்குப் பெரிது.

பதில் (வரலாற்று வாசகர்):
அணு ஆயுத ஆபத்தை எச்சரித்து 1955 ஜூலை 9 அன்று வெளியான ரஸ்ஸல்–ஐன்ஸ்டைன் அறிக்கையில் கையெழுத்திட்ட 11 பேரில் இவரே இளையவர். அதன் தொடர்ச்சியான மாநாடு முதலில் டெல்லியில் நடப்பதாக இருந்தது. சூயஸ் நெருக்கடி குறுக்கிட, 1957 ஜூலையில் கனடாவின் பக்வாஷ் கிராமத்தில் 22 அறிஞர்கள் கூடினார்கள். 1995இல் நோபல் அமைதிப் பரிசு, அந்த மாநாட்டிலிருந்து வளர்ந்த பக்வாஷ் அமைப்புக்கும் இவருக்குமாக.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. மார்ச்சுக்கும் டிசம்பருக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் பேச்சைத் தொடங்கப் போகிறேன். கிளம்பும்போது ஒரு பெட்டி தொலைந்ததாமே?

பதில் (ஓய்வுபெற்ற மருத்துவ இயற்பியலாளர்):
ஆமாம். அவரை உளவாளி என்று சந்தேகித்த நேரம். ஆய்வுக் குறிப்புகளும் கடிதங்களும் நிறைந்த பெட்டி வாஷிங்டனில் ரயில் ஏறியது, நியூயார்க்கில் இறங்கவில்லை. கடைசிவரை கிடைக்கவில்லை.