அச்சகம் திருப்பி அனுப்பிய அழைப்பிதழ்: ப்ளீட், லீடிங், டிராக்கிங் பற்றி விளக்கம் தேவை

நூலகத் தோழன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவுக்காக ஏ5 அளவில் இருபக்க அழைப்பிதழ் ஒன்றை இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வடிவமைத்து, பிடிஎஃப் ஆக்கி ஆஃப்செட் அச்சகத்துக்கு அனுப்பினேன். "ப்ளீட் இல்லை, கறுப்பு எழுத்து நாலு கலரில் இருக்கிறது, உள்ளே லீடிங் இடிக்கிறது, தலைப்பில் டிராக்கிங்கையும் ஸ்ட்ரோக்கையும் எடுத்துவிடுங்கள்" என்ற குறிப்போடு கோப்பு திரும்பி வந்துள்ளது. உள்ளடக்கம் மீரா இனிமை எழுத்துருவில் 11 பாயின்ட். தலைப்பு அதே எழுத்துருவில் 28 பாயின்ட், டிராக்கிங் 80, தடிமனுக்காக 1 பாயின்ட் ஸ்ட்ரோக். பின்னணி முழுவதும் வெளிர்மஞ்சள். இச்சொற்கள் ஒவ்வொன்றும் எதைக் குறிக்கின்றன, எதை எப்படிச் சரிசெய்ய வேண்டும் என்பதை விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அச்சுப்பணி (மறுமொழி)

வணக்கம். ப்ளீட், கறுப்பு ஆகிய இரண்டையும் நான் சொல்கிறேன். எழுத்தைப் பற்றி மற்ற நண்பர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

அச்சான தாள்களைக் கட்டாக அடுக்கித்தான் வெட்டுகிறோம் என்பதால், வெட்டு ஒவ்வொரு தாளிலும் ஒரே கோட்டில் விழுவதில்லை. உங்கள் மஞ்சள் பின்னணி சரியாக 148 × 210 மி.மீ. அளவோடு நின்றுவிட்டால், வெட்டு ஒரு மயிரிழை விலகினாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். அதற்காகப் பின்னணியை நான்கு பக்கமும் 3 மி.மீ. வெளியே நீட்டி வைப்பதே ப்ளீட். ஆக, உங்கள் கோப்பு 154 × 216 மி.மீ. வரை நிறைந்திருக்க வேண்டும். டாக்குமென்ட் செட்டப்பில் ப்ளீட் அளவை இட்டு, பின்னணிப் பெட்டியை ப்ளீட் எல்லையைக் காட்டும் சிவப்புக் கோடு வரை இழுத்துவிடுங்கள். பிடிஎஃப் எடுக்கும்போது 'யூஸ் டாக்குமென்ட் ப்ளீட் செட்டிங்ஸ்' என்பதையும் தேர்வு செய்யுங்கள். இதை விட்டுவிட்டால் கோப்பில் போட்ட ப்ளீட் பிடிஎஃபில் வராது. அதேபோல் பெயர், தேதி போன்றவற்றை வெட்டுக்கோட்டிலிருந்து குறைந்தது 5 மி.மீ. உள்ளே வைப்பது நல்லது.

அடுத்தது கறுப்பு. வேர்டிலிருந்து கொண்டுவந்த எழுத்தின் கறுப்பு பெரும்பாலும் திரைக்கான ஆர்ஜிபி கறுப்பாகவே வரும். அதை அச்சுக்கான சிஎம்ஒய்கே முறைக்கு மாற்றும்போது சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளும் கலந்துவிடுகின்றன. மைக்கு ஒன்றாக உள்ள நான்கு பிளேட்டுகளும் (அச்சுத் தகடுகள்) ஒன்றன்மேல் ஒன்று துல்லியமாகப் பொருந்தாவிட்டால், 11 பாயின்ட் எழுத்தைச் சுற்றி நிறக்கசிவு போன்ற நிழல் தெரியும். எழுத்துக்கு முழுக் கறுப்பு மை மட்டுமே போதும். ஸ்வாட்ச் எனும் நிறப் பட்டியலில் உள்ள 'பிளாக்' அதுதான். 'செபரேஷன்ஸ் ப்ரிவியூ' பலகையைத் திறந்து கறுப்புப் பிளேட்டை மட்டும் அணைத்துப் பாருங்கள். எழுத்து முழுவதும் மறைந்துவிட்டால் சரியாக இருக்கிறது, மங்கலாக மிஞ்சினால் மற்ற மைகள் இன்னும் உள்ளன என்று பொருள்.

எழுத்தாணி (மறுமொழி)

அச்சுப்பணி நண்பர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்து மென்பொருள் கொடுக்கும் இயல்பான அளவுகள் தமிழுக்குப் போதுமானவை அல்ல என்பதைத் தொடக்கத்திலேயே அறிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

எழுத்துகள் அமர்ந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத கோடு பேஸ்லைன். ஒரு வரியின் பேஸ்லைனிலிருந்து அடுத்த வரியின் பேஸ்லைன் வரையுள்ள தூரம் லீடிங். இன்டிசைன் தானாக எழுத்தளவில் 120 விழுக்காட்டை எடுத்துக்கொள்வதால் உங்கள் 11 பாயின்ட்டுக்கு 13.2 பாயின்ட் கிடைத்திருக்கும். தமிழில் 'பு', 'சு', 'நூ' போன்றவை கோட்டுக்குக் கீழே இறங்குகின்றன. 'வி', 'மீ' போன்றவற்றின் மேல்விலங்கும் 'ச்' போன்றவற்றின் புள்ளியும் மேலே ஏறுகின்றன. மேல்வரியில் உள்ள 'பு'வின் கால் கீழ்வரியில் உள்ள 'ச்' மீது முட்டினால் புள்ளி அதில் கரைந்து, வாசிப்பவருக்கு அது 'ச' ஆகிவிடுகிறது. ஆகவே லீடிங்கை 16 பாயின்ட் அளவில் வைத்துப் பாருங்கள். ஒரு பாயின்ட் என்பது ஓர் அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு, ஏறத்தாழ 0.35 மி.மீ. என்பதால் வரிக்கு 1 மி.மீ. கூடும், 20 வரி இருந்தால் சுமார் 2 செ.மீ. கூடுதல் இடம் தேவைப்படும். இடம் போதாவிட்டால் எழுத்தைச் சிறிதாக்குவதைவிட வாசகத்தைக் குறைப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

குறிப்பிட்ட இரண்டு எழுத்துகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை மட்டும் சரிசெய்வது கெர்னிங். ஒரு சொல் அல்லது வரி முழுவதற்கும் சமமாக இடைவெளியைக் கூட்டுவதோ குறைப்பதோ டிராக்கிங். இதன் அலகு எழுத்தளவில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உங்கள் 28 பாயின்ட் தலைப்பில் 80 என்பது 2.24 பாயின்ட் ஆகும். ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கு இது அழகூட்டும். 'விழா' என்ற சொல்லிலோ துணைக்கால் 'ழ'வை விட்டு விலகித் தனியே நின்று, 'விழர' என்று படிக்கும்படி ஆகிவிடும். தமிழ்த் தலைப்புக்கு டிராக்கிங் 0 ஆகவே இருக்கட்டும்.

ஸ்ட்ரோக்கையும், அதாவது எழுத்தின் விளிம்பில் போடும் கோட்டையும், அச்சகத்தார் நீக்கச் சொன்னது மிகச் சரி. அது எழுத்தின் விளிம்பை எல்லாப் பக்கமும் ஒரே அளவில் ஊதிப் பெரிதாக்குகிறது. 'ண', 'ழ' போன்றவற்றின் சுழிக்குள் இருக்கும் வெற்றிடம், அதாவது கவுன்ட்டர், அடைபட்டுப் போகிறது. மீரா இனிமையில் ரெகுலர் என்ற ஒரே தடிமன்தான் உண்டு. தலைப்புக்கு நோட்டோ செரிஃப் தமிழின் போல்டைப் பயன்படுத்துங்கள். அது கட்டற்ற உரிமத்தில் கிடைக்கிறது, அதன் தடித்த வடிவங்கள் தனியாக வரையப்பட்டவை.

நூலகத் தோழன்

இருவருக்கும் உளமார்ந்த நன்றி. கறுப்புப் பிளேட்டை அணைத்தபோது மங்கலாக மிஞ்சிய எழுத்துகளை எல்லாம் மாற்றிவிட்டேன். லீடிங்கை 16 ஆக்கியதும் பக்கமே தெளிந்து தெரிகிறது. பின்பக்கத்தின் முழு அகலத்துக்கும் நூலகக் கட்டடத்தின் படம் ஒன்றை வைக்க எண்ணுகிறேன். வாட்ஸ்அப்பில் வந்த அப்படத்தின் அகலம் 1280 பிக்சல். இது போதுமா?

அச்சுப்பணி

ப்ளீட்டோடு சேர்த்து 154 மி.மீ. என்றால் 6.06 அங்குலம், 1280ஐ அதனால் வகுத்தால் அங்குலத்துக்கு 211 பிக்சல் வருகிறது. லிங்க்ஸ் பலகையில் 'எஃபெக்டிவ் பிபிஐ' என்ற இடத்தில் இதே எண்ணைக் காண்பீர்கள். அச்சுக்கு 300 என்பது வழக்கமான அளவு. வெளிறிய பின்னணியாக வைத்தால் 211 தாங்கும். பெயர்ப்பலகை எழுத்தெல்லாம் கூர்மையாகத் தெரிய வேண்டுமானால் படம் எடுத்தவரிடம் அசல் கோப்பை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லிப் பெற்றுக்கொள்ளுங்கள். இருக்கும் படத்தையே போட்டோஷாப்பில் இழுத்துப் பெரிதாக்கி 300 ஆக்க வேண்டாம். எண் கூடுமே தவிர, படத்தில் இல்லாத நுணுக்கம் அதனால் வந்துவிடாது.