ப்ரக்ஸிசம்: 'நறநறப்பு' வேண்டாம், 'பற்கடிப்பு' போதும்

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

உறக்கத்தில் பல்லைக் கடிக்கும் ப்ரக்ஸிசத்துக்குப் 'பல் நறநறப்பு' என்று நம் குழுவில் ஐயா ஒருவர் முன்மொழிந்திருக்கிறார். உயிருள்ள சொல். ஆனாலும் கலைச்சொல்லாக ஏற்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

நறநற என்பது பக்கத்தில் படுத்திருப்பவர் கேட்கும் ஓசை. உறக்கச் சோதனையில் கருவி அளப்பதோ தசையின் செயல்பாட்டை. தாடைக் கோணத்துக்குச் சற்று மேலே விரலை வைத்துப் பல்லை இறுக்கிப் பாருங்கள்; விரலடியில் ஒரு தசை திரண்டு எழும். அங்கேதான் மின்முனையை ஒட்டுகிறார்கள். கால் நொடி முதல் இரண்டு நொடி வரை நீளும் துடிப்புகள் குறைந்தது மூன்று அடுத்தடுத்துப் பதிவானால் அது விட்டுவிட்டு வரும் வகை. இரண்டு நொடிக்கு மேல் ஒரே இழுப்பாக நின்றால் இறுக்க வகை. வெறுமனே இறுக்கும்போது பல்லோடு பல் உராய்வதில்லை; ஓசையும் எழாது. ஓசையை வைத்துப் பெயரிட்டால் இப்படி இறுக்குபவர்கள் விடுபட்டுப்போவார்கள்.

ஆகவே 'உறக்கப் பற்கடிப்பு' என்கிறேன். "அழுகையும் பற்கடிப்பும்" என்று தமிழ் விவிலியத்தில் நெடுங்காலமாகப் புழங்கும் சொல் அது. அவ்விடத்துக் கிரேக்க மூலச் சொல்லும் ப்ரக்ஸிசமும் ஒரே வேரில் பிறந்தவை என்பது கூடுதல் பொருத்தம். அதற்குள் உராய்வதைப் 'பல் அரைப்பு' என்றும், அசையாமல் அழுத்துவதைப் 'பல் இறுக்கம்' என்றும் பிரித்துக்கொள்ளலாம்.

'பல் தேய்வு நோய்' என்ற பரிந்துரையை முற்றாக விலக்க வேண்டும். தேய்மானம் என்றோ நடந்ததன் தடம்; இப்போதும் கடிக்கிறாரா என்பதை அது சொல்லாது. புளிப்பான பானங்களாலும் பல் தேயும். 'நோய்' என்பதும் பொருந்தாது: மற்றபடி நலமாக உள்ளவர்களிடம் இது ஒரு நோயன்று, தசைச் செயல்பாடே என்று 2018இல் பன்னாட்டு வல்லுநர்கள் வரையறுத்திருக்கிறார்கள்.

உறங்குபவரின் உடற்செயல்கள் பலவற்றை ஒருசேரப் பதியும் சோதனையான பாலிசோம்னோகிராஃபிக்குப் 'பல்பதிவு' (பலவற்றின் பதிவு) என்று ஒருவர் எழுதியிருந்தார். வேறெங்கும் சரி, பற்களைப் பற்றிய கட்டுரையில் அது பல்லின் பதிவு என்றே படிக்கப்படும். 'முழு உறக்கப் பதிவு' குழப்பமில்லாதது. மூளை அலை, கண்ணசைவு, இதயத்துடிப்பு, மூச்சு எல்லாம் அதில் அடங்கும். ஒலியும் காணொளியும் சேர்ந்தால்தான் விழுங்குதல், இருமல், தூக்கத்தில் பேசுதல் ஆகியவற்றைக் கழிக்க முடியும். அவையும் இதே தசையில் அலை எழுப்பும்.

நோயறிதல் படிநிலைகளில் மிகுந்த கவனம் தேவை. 2013இல் வகுத்த முறைப்படி, தானோ வீட்டாரோ சொன்னது மட்டும் இருந்தால் 'இருக்கக்கூடும்'. மருத்துவர் வாயைச் சோதித்துக் கண்ட அடையாளங்களும் சேர்ந்தால் 'பெரும்பாலும் உண்டு'. முழு உறக்கப் பதிவும் காட்டினால் 'உறுதி'. முதல் படிக்கு 'ஐயம்' என்று எழுதாதீர்கள். சொன்னவரையே நம்பவில்லை என்ற தொனி அதில் வந்துவிடும்.

மணிக்கு நான்குக்கு மேற்பட்ட பற்கடிப்பு நிகழ்வுகள் என்ற ஆய்வக அளவுகோலுக்கு 'மணிவீதம்' போதும்.

எஞ்சியிருப்பது ஒன்று. மெல்லுவதற்கான தசைகளை 'மெல்தசை' என்றால் மென்மையான தசை என்று பொருள்படுகிறது. 'மெல்லுதசை' என்று உகரம் சேர்த்தால் தீருமா? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.