ஒட்டவைக்கும் புரதத்தை யார் காப்பாற்றுவது? ஒரு வகுப்பறை அனுபவம்

தண்டையார்பேட்டையில் நுண்ணுயிரியல் கற்பித்துவரும் எனக்கு, டைனோகாக்கஸ் ரேடியோடூரன்ஸ் பாக்டீரியாவைப் பற்றி மிகச் சரியான கேள்வியைக் கேட்டவர், காசிமேட்டிலிருந்து வரும் ஓர் இளங்கலை மாணவி. 1956-இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், காமாக் கதிர் செலுத்திய பிறகும் கெட்டுப்போன டின் இறைச்சியிலிருந்து ஆர்தர் ஆண்டர்சனும் உடன் பணியாற்றியவர்களும் அதைப் பிரித்தெடுத்தார்கள் என்றும், மனித உயிரைப் பறிக்க 5 கிரே (உடல் உறிஞ்சும் கதிர்வீச்சின் அலகு) கதிர்வீச்சே போதுமென்றிருக்க அது 5,000 கிரேயையும் தாங்குகிறது என்றும், சிதறிய டி.என்.ஏ.வை விரைவாக ஒட்டவைத்துக்கொள்கிறது என்றும் சொல்லிக்கொண்டிருந்தேன். "ஒட்டவைக்கிற புரதமே அடிபட்டுப் போனால் யார் மேடம் ஒட்டவைப்பது?" என்றார் அவர்.

விஷயத்தின் உயிர்நாடியே அதுதான். கதிர்வீச்சு செல்லுக்குள் இருக்கும் நீரைப் பிளக்கும்போது ஹைட்ரஜன் பெராக்சைடும் உருவாகிறது. அது கட்டற்றுத் திரியும் இரும்பைச் சந்தித்தால், எதிர்ப்பட்டதையெல்லாம் தாக்கும் ஹைட்ராக்சில் உறுப்பு (radical, வினைத்திறன் மிகுந்த மூலக்கூறுத் துணுக்கு) பிறக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் டேலியின் குழு 2004-இலும் 2007-இலும் வெளியிட்ட ஆய்வுகளின்படி, ஒரே அளவு கதிர்வீச்சில் டி.என்.ஏ. முறிவுகள் பல பாக்டீரியாக்களில் ஏறக்குறைய ஒன்றுபோலவே நிகழ்கின்றன. ஆனால் டைனோகாக்கஸைப் போல மாங்கனீசு மிகுந்தும் இரும்பு குறைந்தும் உள்ளவற்றில் புரதங்கள் சேதமின்றித் தப்புகின்றன. இரும்பு மிகுந்த ஷெவனெல்லா ஒனைடென்சிஸ் என்ற பாக்டீரியா 100 கிரேக்குள்ளேயே பெரும்பாலும் மடிந்துவிடுகிறது.

அடுத்த செய்முறை வகுப்பில், கண்ணாடித் தகட்டில் தடவிய ஈ. கோலை பாக்டீரியாவின் மேல் ஒரு சொட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டோம். உடனே வெள்ளை நுரை பொங்கியது. பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கும் கேட்டலேஸ் நொதியின் வேலை அது. அந்த நொதியின் நடுவில் அமர்ந்திருப்பதும் இரும்புதான் என்றபோது வகுப்பே நிமிர்ந்து பார்த்தது. புரதத்தின் பிடியில் இருக்கும்வரை காவல் காக்கும் அதே உலோகம், பிடி நழுவினால் கேடு செய்கிறது.

என்னை மிகவும் ஈர்ப்பது, பாக்டீரியாக்களில் இரும்பைப் பூட்டிவைக்கும் டிபிஎஸ் (Dps) புரதம். 12 துணை அலகுகள் கூடி உள்ளீடற்ற ஒரு கோளமாகின்றன. அவற்றின் சந்திப்புகளில் இரும்பு பிணைந்து, பெராக்சைடைக் கொண்டே ஆக்சிஜனேற்றம் அடைந்து, கோளத்துக்குள் ஏறத்தாழ 500 அணுக்கள்வரை கனிமமாகப் படிகிறது. அதுவும் படகுகளின் நங்கூரத்தில் ஏறும் துருவும் ஒரே குடும்பம். இரும்பு, பெராக்சைடு என்ற இரண்டு ஆபத்துகளும் ஒரே வினையில் தீர்ந்துவிடுகின்றன, ஹைட்ராக்சில் உறுப்பு பிறக்க இடமே இல்லாமல்! டைனோகாக்கஸ் இத்தகைய புரதங்கள் இரண்டை வைத்திருக்கிறது. அவற்றில் முதலாவது டி.என்.ஏ.வோடும் பிணைந்துகொள்கிறது.