முழுப்பெயரைப் பிரிக்கும்போது குடும்பப்பெயர் வேறு நெடுவரிசைக்குப் போய்விடுகிறது: தீர்வு தேவை

கேள்வி

வணக்கம். எக்செல் தாள் ஒன்றில் ஏ நெடுவரிசையில் உள்ள முழுப்பெயர்களை முதற்பெயர், நடுப்பெயர், குடும்பப்பெயர் என மூன்றாகப் பிரிக்க வேண்டியுள்ளது. ‘டேட்டா’ தாவலில் உள்ள ‘டெக்ஸ்ட் டு காலம்ஸ்’ வசதியில் இடைவெளியைப் பிரிப்பானாகக் கொடுத்தேன். மூன்று சொற்கள் உள்ள பெயர்கள் ஒழுங்காகப் பிரிகின்றன. இரண்டே சொற்கள் இருந்தால் குடும்பப்பெயர் நடுப்பெயருக்குரிய இடத்தில் விழுகிறது. இணையப் பக்கத்திலிருந்து ஒட்டிய சில பெயர்கள், நடுவில் இடைவெளி தெரிந்தும், பிரியாமல் ஒரே கலத்தில் நிற்கின்றன. வரிசைகள் மிகுதி என்பதால் கையால் திருத்த இயலாது.

பதில் 1

அந்த வசதி இடமிருந்து வலமாகச் சொற்களை எண்ணிக்கொண்டே போகிறது. எது குடும்பப்பெயர் என்பது அதற்குத் தெரியாது. ஆகவே முதற்பெயரை இடப்பக்கத்திலிருந்தும் குடும்பப்பெயரை வலப்பக்கத்திலிருந்தும் எடுத்து, எஞ்சுவதை நடுப்பெயராகக் கொள்ளுங்கள்.

பிரியாத பெயர்களில் இருப்பது பெரும்பாலும் சாதாரண இடைவெளி அன்று. இணையப் பக்கங்களில் வரும் உடையா இடைவெளி (அவ்விடத்தில் வரி முறியாமல் காக்கும் தனிக்குறி). பெயரில் ஐந்தாவது எழுத்தின் இடத்தில் இடைவெளி இருக்குமானால் =யூனிகோட்(மிட்(ஏ2,5,1)) என்று கேட்டுப் பாருங்கள். சாதாரண இடைவெளிக்கு 32 வரும், இதற்கு 160 வரும். மிகையான இடைவெளிகளை நீக்கும் டிரிம் சார்பு 160ஐத் தொடாது என்பதால், முதலில் பி2 கலத்தில் பெயரைத் தூய்மைப்படுத்துங்கள். (சார்புகளின் பெயர்களையும் கல முகவரிகளையும் தாளில் ஆங்கில எழுத்துகளில் இட வேண்டும்.)

=டிரிம்(சப்ஸ்டிட்யூட்(ஏ2,யூனிகார்(160)," "))

பிறகு சி2 கலத்தில் முதற்பெயர், ஈ2 கலத்தில் குடும்பப்பெயர், டி2 கலத்தில் நடுப்பெயர்:

=இஃப்எரர்(டெக்ஸ்ட்பிஃபோர்(பி2," "),பி2)
=இஃப்எரர்(டெக்ஸ்ட்ஆஃப்டர்(பி2," ",-1),"")
=டிரிம்(மிட்(பி2,லென்(சி2)+1,லென்(பி2)-லென்(சி2)-லென்(ஈ2)))

இரண்டாவது சூத்திரத்தில் உள்ள -1 தான் முக்கியம். கடைசி இடைவெளிக்குப் பின்னால் உள்ளதை மட்டும் கொடு என்று அது சொல்கிறது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. சோதித்ததில் 160 தான் வந்தது. பி நெடுவரிசை சரியாகிவிட்டது. ஆனால் என்னிடம் இருப்பது எக்செல் 2016. சி நெடுவரிசையில் முழுப்பெயரே வருகிறது, ஈ நெடுவரிசை வெறுமையாக உள்ளது.

பதில் 2

டெக்ஸ்ட்பிஃபோர், டெக்ஸ்ட்ஆஃப்டர் என்னும் அவ்விரண்டு சார்புகளும் மைக்ரோசாஃப்ட் 365, எக்செல் 2024 ஆகியவற்றில்தான் உள்ளன. 2016 அவற்றை அறியாததால் பிழை எழுகிறது. இஃப்எரர் அதை மறைத்துவிடுகிறது. சி2, ஈ2 கலங்களுக்குப் பழைய வழி இது:

=லெஃப்ட்(பி2,ஃபைண்ட்(" ",பி2&" ")-1)
=இஃப்(சி2=பி2,"",டிரிம்(ரைட்(சப்ஸ்டிட்யூட்(பி2," ",ரெப்ட்(" ",100)),100)))

ஒவ்வோர் இடைவெளியையும் நூறு இடைவெளிகளாக விரித்துவிட்டு வலக்கோடியில் நூறு எழுத்துகளை வெட்டினால், அதில் கடைசிச் சொல் மட்டுமே சிக்கும். டி2 சூத்திரத்தை மாற்ற வேண்டியதில்லை.

கன்ட்ரோல்+ஈ அழுத்திச் செய்யும் ‘ஃபிளாஷ் ஃபில்’ வசதியையும் சிலர் பரிந்துரைப்பார்கள். சொற்களின் எண்ணிக்கை பெயருக்குப் பெயர் மாறும் இத்தகைய பட்டியலில் அதை நான் நம்பமாட்டேன்: அது ஊகித்து நிரப்புகிறது, தவறினாலும் பிழைச்செய்தி தருவதில்லை.

கேள்வி கேட்டவர்

இப்போது இரண்டு சொற்கள் உள்ள பெயர்களும் சரியாக வருகின்றன. குடும்பப்பெயரே இரண்டு சொற்களாக இருந்தால் என்ன செய்வது? ஏ நெடுவரிசையை நீக்கிவிடலாமா?

பதில் 1

‘வான் டைக்’ போன்ற குடும்பப்பெயரை எந்தச் சூத்திரத்தாலும் தானாக அடையாளம் காண முடியாது. எஃப்2 கலத்தில் =லென்(பி2)-லென்(சப்ஸ்டிட்யூட்(பி2," ",""))+1 என்று சொற்களை எண்ணி, மூன்றும் அதற்கு மேலும் வரும் வரிசைகளை மட்டும் வடிகட்டிக் கண்ணால் பாருங்கள். ஏ நெடுவரிசையை நீக்கினால் அதைச் சார்ந்த கலங்கள் எல்லாம் பிழை காட்டும். சி, டி, ஈ நெடுவரிசைகளை நகலெடுத்து, ‘பேஸ்ட் ஸ்பெஷல்’ வழியாக ‘வேல்யூஸ்’ ஆக அதே இடத்தில் ஒட்டிய பிறகு நீக்கலாம். மூலப்பெயர்களின் படி ஒன்றை வேறொரு தாளில் வைத்திருங்கள்.